ஐந்து மா நிலமும் நான்கு வயிறும்

சென்னை வேலையை விட்டுவிட்டுத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருக்கும் அப்பாவின் 5 மா நிலத்துக்கும் வீட்டோடு ஒட்டிய 20 சென்ட் கொல்லைக்கும் திரும்பிவிடலாமா, கடையில் எதுவும் வாங்காமல் நான்கு பேர் அதிலேயே சாப்பிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாரம்பரிய அரிசிக்கும் பழைய சாப்பாட்டு முறைக்கும் மாறினால் அப்பாவின் சர்க்கரை இறங்குமா என்று கடைசியில் ஒரு வரி. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிய பிறகு சோற்றுக்குத் திண்டாட வேண்டி வருமோ என்ற பயம்தான் கேள்வி முழுக்க இருப்பதாக எனக்குப் பட்டது. அந்தப் பயத்துக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சோற்றுக்குத் திண்டாட மாட்டீர்கள். ஆனால் ‘கடையில் எதுவும் வாங்காமல்’ என்ற நிபந்தனையை விட்டுவிடுங்கள். டெல்டாவில் எந்தக் காலத்திலும் எந்த வீடும் அப்படித் தனியாக வாழ்ந்ததில்லை.

நான் வேளாண்மைத் துறையில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை வட்டாரங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மன்னார்குடிக்குக் கிழக்கே சொந்த வயலில் இப்போதும் சம்பா வைக்கிறேன். மண், தண்ணீர், பயிர், தானியச் சேமிப்பு பற்றி நான் சொல்வதை வைத்து நீங்கள் முடிவெடுக்கலாம். மருத்துவம் என் படிப்பு இல்லை. சர்க்கரை பற்றிப் பேசும்போது எனக்குத் தெரிந்த உணவு விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நெல் கணக்கு எளிது. ஒரு மா என்பது 33 சென்ட். 5 மா என்றால் 1 ஏக்கர் 65 சென்ட். இதில் 3 மாவை, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கரை, வீட்டு நெல்லுக்கு ஒதுக்குங்கள். ரசாயன உரம் போடாமல் பாரம்பரிய ரகம் வைத்தால் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 12 முதல் 18 வரை எதிர்பார்க்கலாம். பக்கத்து வயல்காரர் 30 மூட்டைக்கு மேல் எடுப்பார், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். 15 மூட்டை என்று வைத்துக்கொண்டால் 900 கிலோ நெல். உமியும் கொஞ்சம் தவிடும் போக நூற்றுக்கு 60, 65 கிலோ அரிசி நிற்கும். விதைநெல் எடுத்து வைத்தது போக 520 முதல் 560 கிலோ வரை நிற்கும். நான்கு பேருக்கு, இட்லிக்குப் போடுவதையும் சேர்த்து, நாளைக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ அரிசி போதும். வருடம் ஓடிவிடும். இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியது. வெள்ளமோ வறட்சியோ வந்த வருடத்தில் இது பாதியாகும், சில சமயம் ஒன்றுமே இல்லாமலும் போகும். அதனால்தான் அந்தக் காலத்துக் குடித்தனக்காரர்கள் புது நெல் வந்தாலும் பழைய நெல்லை முழுக்கத் தீர்க்காமல் பத்தாயத்தில், அதாவது பெரிய நெல் பெட்டியில், ஒரு பங்கு நிறுத்தி வைத்தார்கள். முதல் இரண்டு வருடம் ஒரு மூட்டைகூட விற்காதீர்கள். ஆறு மாத நெல் எப்போதும் கையில் இருக்கும்படி வந்த பிறகு விற்பதைப் பற்றி யோசியுங்கள்.

எந்த ரகம் என்று எல்லாரும் பெயரைத்தான் கேட்கிறார்கள். கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி என்று பெயர்கள் கேட்கவே அழகாக இருக்கும். உங்களைப் போல நடு வயலில் சின்ன நிலம் வைத்திருப்பவர் பெயருக்கு முன்னால் பார்க்க வேண்டியது வயதை. உங்கள் பகுதியில் சம்பாவுக்கு பெரும்பாலும் சி.ஆர். 1009 போன்ற 155, 160 நாள் ரகம்தான் வைப்பார்கள். நீங்கள் 180 நாள் காட்டுயானம் வைத்தால் என்ன ஆகும்? தை மாதம் சுற்றிலும் அறுத்து முடிந்து தரிசாகக் கிடக்கும்போது உங்கள் ஒரு ஏக்கர் மட்டும் பால் பிடித்து நிற்கும். அந்த வட்டாரத்து எலியும் குருவியும் மொத்தமாக உங்கள் வயலுக்கு வரும். அறுத்த வயலில் மாட்டை அவிழ்த்து விடுவது ஊர் வழக்கம், அதுவும் உங்கள் கதிரில்தான் வாயை வைக்கும். பாரம்பரிய நெல் வைத்துக் கைவிட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பூச்சியால் விட்டவர்களைவிட இப்படித் தனியாக நின்றுபோனதால் விட்டவர்கள் அதிகம். மாப்பிள்ளைச் சம்பா ஏறக்குறைய 160 நாள், அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகும். வயலில் உப்பு கொஞ்சம் இருந்தால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் காலங்காலமாக இருந்த சிவப்புக் குடவாழை நல்லது. இவை உயரமாக வளர்பவை. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் குட்டை ரகங்கள் மூழ்கும் தண்ணீரில் இவை தலை நீட்டி நிற்கும். அதே உயரம்தான் மார்கழிக் காற்றில் சாயவும் காரணம். யூரியாவைத் தொடாதீர்கள், எருவையும் அளவாகப் போடுங்கள், நெருக்கி நடாதீர்கள். சாய்வது நிற்காவிட்டாலும் குறையும். பழைய சம்பா ரகங்களில் பல, பொழுது குறையும் காலத்தில் பூக்கும் குணம் உள்ளவை. விதைப்பு தள்ளிப்போனால் பூக்கும் நாள் அதே அளவு தள்ளிப்போவதில்லை, பயிர் வளரக் கிடைக்கும் நாள்தான் குறையும். ஆவணிக்குள் நாற்றங்காலோ நேரடி விதைப்போ முடிந்துவிட வேண்டும்.

விதைக்கு அலைய வேண்டியதில்லை. உங்கள் ஊருக்கு அருகிலேயே கட்டிமேடு ஆதிரெங்கம் இருக்கிறது. 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டெடுத்த இடம். அவர் தொடங்கிய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப்போகும் விவசாயி அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. டெல்டாவில் விதை என்பது இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் பிழைத்தது.

தண்ணீர் உங்கள் கையில் இல்லை, அதை ஒப்புக்கொண்டு திட்டம் போடுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது வழக்கமான ஏற்பாடு. 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, முறை வைத்து, உங்கள் வாய்க்கால் தலைப்பை எட்ட இன்னும் நாளாகும். கடைமடையில், சம்பாவுக்கு முந்திய குறுகிய காலப் போகமான குறுவையை நம்பி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திட்டம் போட வேண்டாம். சம்பா ஒரு போகம், அதன் பின் பயறு. இதுதான் உங்கள் நிலத்துக்கு நிலையான அடிப்படை. ஆனி, ஆடியில் ஒரு மழை கிடைத்தால் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து, 45 நாளில் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். வயலுக்கு அதைவிட மலிவான உரம் கிடையாது. 2004 சுனாமியில் உப்புநீர் ஏறிப்போன நாகைக் கரையோர வயல்களை மீட்க இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் விவசாயிகளோடு நின்றபோதும் இப்படிப் பசுந்தாளை வளர்த்து மடக்குவதுதான் முக்கியமான வேலையாக இருந்தது.

பயறு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டா சாப்பாட்டின் பாதி பலம் அதில் இருக்கிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன், வயல் மெழுகு பதத்தில் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளித்துவிடுவது இங்குள்ள முறை. உழவு இல்லை, பாய்ச்சல் இல்லை. மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரமும் தைப் பனியுமே அதை விளையவைத்துவிடும். வேர் முடிச்சு வழியாக மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ விதை. நல்ல வருடத்தில் 200 கிலோ வரை கிடைக்கும். நான்கு பேர் வீட்டில் இட்லி, தோசை, வடை, களி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 50 கிலோ உளுந்து தாராளம். ஆக ஒரு மாவில் உளுந்து, ஒரு மாவில் பச்சைப்பயறு போட்டாலே வீட்டுக்கு மிஞ்சும். இந்த முறை இப்போது குறைந்து வருவதற்கு அறுவடை இயந்திரம் ஒரு முக்கியக் காரணம். முளைத்து நிற்கும் பயறு மேல் அதன் சங்கிலிச் சக்கரம் ஏறினால் தடம் முழுக்கப் போய்விடும். பயறு தெளிக்கும் இரண்டு மாவை மட்டுமாவது ஆள் வைத்து அறுங்கள். கூலி அதிகம்தான். வைக்கோல் முழுசாகக் கிடைக்கும், பயறும் கிடைக்கும், கணக்குப் பார்த்தால் கட்டும்.

எண்ணெய்க்கு மாசிப்பட்டத்தில் எள் போடலாம், மண் கொஞ்சம் இளகியதாகவும் தண்ணீர் தேங்காததாகவும் இருந்தால். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் செக்கில் இரண்டரைக் கிலோ எள் பிடிக்கும். இறுகிய களிமண்ணாக இருந்தால் எள்ளை நம்ப வேண்டாம், நான்கு தென்னை வையுங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலில் அந்தப் பக்கம் தோப்புகள் சாய்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தென்னையையே முழுக்க நம்பியிருந்த குடும்பங்கள்தான் எழுந்திருக்க நிறைய வருடம் எடுத்துக்கொண்டன.

இனி வாங்க வேண்டியவை. துவரை உங்கள் நஞ்சையில் பெரிதாக வராது, வரப்பில் போட்டால் குழம்புக்குக் கொஞ்சம் கிடைக்கும். மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், கடுகு, பூண்டு, வெல்லம், உப்பு எல்லாம் வெளியிலிருந்துதான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வேதாரண்யத்து உப்பும், நாகப்பட்டினத்துக் கருவாடும், வறண்ட சீமையின் மிளகாயும், மலைநாட்டு மிளகும் வந்து சேர்ந்ததால்தான் இந்த ஊர்ச் சமையல் உண்டானது. நெல்லைக் கொடுத்து மற்றதை வாங்கிய பூமி இது. குயவருக்கும் தச்சருக்கும் வண்ணாருக்கும் களத்திலேயே நெல்லளந்து கொடுத்த ஏற்பாட்டில் ஒரு ஊர் தன்னிறைவாக இருந்தது என்று சொல்லலாம்.

அப்படிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘அந்தக் காலத்தில் எல்லாரும் சொந்த நெல்லைச் சாப்பிட்டு நூறு வயது வாழ்ந்தார்கள்’ என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. பத்தாயம் நிறைந்திருந்தது மிராசுதார் வீட்டில். அந்த நெல்லை விளைவித்தவர்கள் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காகப் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டதன் பின்னாலும் அந்தக் கூலி நெல் போராட்டம் இருந்தது. இன்றைக்கு நாம் சத்தான பழைய உணவு என்று தேடுகிற வயல் நண்டு, நத்தை, வரப்புக் கீரை, நீராகாரம் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கூலி உழைப்பாளிகளின் தெருக்களில் பசியோடு இருந்தவர்கள் கண்டுபிடித்துக் காப்பாற்றிய அறிவு. நீங்கள் ஊருக்குப் போய்க் கற்றுக்கொள்ள நினைத்தால், முதலில் உங்கள் வயலில் நடவு நட்டு களை பறித்த பெண்களிடம் கேளுங்கள். எந்தக் கீரை எந்த மாதம் எங்கே முளைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள்.

காய்கறிதான் நகரத்திலிருந்து வருபவர்கள் ஏமாந்துபோகும் இடம். தை முதல் ஆனி வரை கொல்லையில் கத்தரி, வெண்டை, கொத்தவரை, அவரை, பூசணி என்று வந்துகொண்டே இருக்கும், நம்பிக்கை பெருகும். ஐப்பசி பிறந்தால் மூன்று மாதம் மண் ஊறிக் கிடக்கும். செடி அழுகும், பூ உதிரும். இந்த மூன்று மாதத்துக்காகத்தான் வற்றலும் வடகமும் வந்தன. சித்திரை, வைகாசி வெயிலில் கத்தரி, கொத்தவரை, மாங்காய், சுண்டை, மணத்தக்காளி எல்லாம் வற்றலாகும். தஞ்சாவூர்க் குடமிளகாய் மோரில் ஊறி மோர்மிளகாயாகும். சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் இடித்து உருட்டி, விளக்கெண்ணெய் தொட்டு, தாளிப்பு வடகம் காயும். நார்த்தங்காய் உப்பில் ஊறும். அடைமழையில் ஒரு பிடி வற்றலைப் போட்டுப் புளிக்குழம்பு வைத்து, பயற்றைத் துவையலாக அரைத்து, கொல்லை முருங்கைக்கீரையைப் பொரித்தால் சாப்பாடு முடிந்தது. இந்தச் சமையலின் ஒழுங்கு காவிரித் தண்ணீர் வரும் மாதத்தையும் போகும் மாதத்தையும் ஒட்டி அமைந்தது. வருடம் முழுக்கத் தக்காளியும் கேரட்டும் வேண்டும் என்றால் அதை நிலம் தராது. உங்கள் பிள்ளைக்கு இது எவ்வளவு தூரம் ஒத்துப்போகும் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. திரும்பி வந்த குடும்பங்கள் சிலவற்றில் வயலைவிடச் சமையலறையில்தான் சண்டை தொடங்கியது.

மழைக்காலத்துக்கும் கொஞ்சம் பச்சைக்காய் வேண்டுமென்றால் மீதமிருக்கும் நிலத்தில் ஒரு மாவைக் குட்டைக்கும் மேட்டுக்கும் கொடுங்கள். வெட்டிய மண்ணைக் கரையாகக் கொட்டி அகலமாக மேடு கட்டினால் வெள்ளத்துக்கு மேலே வாழை, முருங்கை, அகத்தி, கருவேப்பிலை, பப்பாளி நிற்கும். மேட்டில் பந்தல் போட்டுப் பீர்க்கும் புடலையும் ஏற்றலாம். குட்டையில் கெண்டை விடலாம். விரால், கெளுத்தி வாய்க்கால் வழியே தானாக வந்து சேரும், சுற்றிலும் மருந்து அடிக்காத வருடமாக இருந்தால். ஒரு எச்சரிக்கை: உங்கள் பக்கம் பல இடங்களில் அடியில் உப்புத் தண்ணீர் இருக்கிறது. ஆழமாகத் தோண்டினால் அது மேலே வந்துவிடும். மழைத்தண்ணீர் நிற்கும் அளவுக்கு ஆழம் குறைவாக, பரப்பு அதிகமாக வெட்டுங்கள்.

விளைவிப்பதைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள், விளைந்ததை வைத்துக் காப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் முயற்சி ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அங்கேதான். நெல்லை அரிசியாக்கி அடுக்கி வைக்காதீர்கள். தீட்டாத அரிசியில் தவிட்டெண்ணெய் இருக்கிறது, ஒன்றிரண்டு மாதத்தில் சிக்கு வாடை வரும், வண்டும் வரும். நெல்லாகவே வைத்து மாதம் ஒரு மூட்டை அரைத்துக்கொள்ளுங்கள். அறுத்த நெல்லைக் கடித்தால் நறுக்கென்று உடையும் வரை காயவைக்க வேண்டும். ஒரே நாளில் கடும் வெயிலில் காயவைத்தால் அரிசி உள்ளுக்குள் வெடித்து, அரைக்கும்போது நொய்யாகும். காலையில் வெயில், உச்சியில் நிழல் என்று இரண்டு மூன்று நாளாகக் காயவிடுங்கள். அந்துப்பூச்சிக்கு நொச்சி, வேப்பிலை காயவைத்து நடுநடுவே போடுவது நம் முறை. அது பூச்சியை விரட்டும், உள்ளே ஏற்கெனவே முட்டையிட்டதைக் கொல்லாது. ஆகவே இடையில் ஒருமுறை வெயிலில் கொட்டிக் காயவைப்பதை விடாதீர்கள். உளுந்தை முழுசாக வைத்தால் வண்டு துளைக்கும், உடைத்துப் பருப்பாக வைத்தால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். விதைக்கு வேண்டியதை மட்டும் முழுசாக, செம்மண் கட்டியோ சாம்பலோ கலந்து பானையில் மூடி வையுங்கள்.

புழுங்கல் போடுவதா பச்சரிசியா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. புழுங்கல். நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு கொஞ்சம் தீட்டினாலும் அது முழுக்கப் போவதில்லை. இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். அவித்த அரிசி உடைவதும் குறைவு. மாசி, பங்குனி வெயிலில் வருடத்துக்கு வேண்டிய நெல்லை அவித்துக் காயவைத்து, அரைக்காமல் நெல்லாகவே வைத்துவிட வேண்டும், மழைக்காலத்தில் இது நடக்காது. ஒரு நடைமுறைத் தடங்கல் உண்டு. பெரிய ஆலைகள் ஒன்றிரண்டு மூட்டையைக் கையில் வாங்காது. சிவப்பு நெல்லை அரைத்தால் அடுத்தவர் வெள்ளை அரிசியில் கலந்துவிடும் என்று சின்ன ஆலைக்காரர்களும் தயங்குவார்கள். ஊருக்குப் போவதற்கு முன்னாலேயே, மேல்தோலான உமியை மட்டும் நீக்கி அரைத்துத் தரும் சின்ன ஆலை எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறது என்று விசாரியுங்கள். மாப்பிள்ளைச் சம்பாவை வெள்ளையாகத் தீட்டி வாங்கினால் நீங்கள் பட்ட பாட்டின் பலன் தவிட்டோடு மாட்டுக்குப் போய்விடும்.

இப்போது அப்பாவின் சர்க்கரை. உறுதியானது இவ்வளவு: தவிடு போகாத அரிசியில் நார்ச்சத்தும் பி வகை உயிர்ச்சத்துகளும் அதிகம், தீட்டிய அரிசியைவிடச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும். கருப்பு, சிவப்பு அரிசிகளின் நிறம் தருகிற பொருள்கள் உடம்புக்கு நல்லவை என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. அதற்காக மாப்பிள்ளைச் சம்பா சர்க்கரை நோயைக் குணமாக்கும், கவுனி புற்றுநோயைத் தடுக்கும் என்று பாக்கெட்டில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். எந்த அரிசியும் அரிசிதான், மாவுச்சத்துதான். தூயமல்லி, சீரகச் சம்பா போன்றவை வெள்ளை அரிசிகள். நன்றாகத் தீட்டிவிட்டால் கடையில் கிடைக்கும் பொன்னிக்கும் அவற்றுக்கும் சர்க்கரை விஷயத்தில் பெரிய வித்தியாசம் பார்க்க முடியாது. பாரம்பரிய அரிசி என்ற நம்பிக்கையில் இரண்டு கரண்டி கூடச் சாப்பிட்டுச் சர்க்கரை ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். சோற்றைக் குறைத்து, பயறும் கீரையும் மீனும் மோரும் தட்டில் கூடினால், அப்பா காலையும் மாலையும் வயலுக்கு நடந்தால், அளவு இறங்க வாய்ப்பு உண்டு. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அவருடைய மருத்துவர் சொல்ல வேண்டியது. சாப்பாட்டை மாற்றும்போதே அவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். சோறு குறைந்து மாத்திரை பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், வயதானவர்களுக்கு அது ஆபத்து.

பழைய சோற்றைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல உணவு. இரவில் ஆறிய சோறு முழுகத் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடிவதற்குள் லேசாகப் புளிக்கிறது, அந்தப் புளிப்பைத் தருவது தயிரைப் புளிக்கவைக்கும் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள். வயிற்றுக்கு இதம், வெயிலில் உழைப்பவருக்குத் தண்ணீரும் உப்பும் ஒன்றாகக் கிடைக்கும். இரும்புச்சத்து ஒரே இரவில் இருபது மடங்கு கூடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது மட்டும் நம்பும்படி இல்லை. புளிப்பதால் இரும்பு புதிதாக உண்டாகாது. ஏற்கெனவே இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளத் தடையாக இருக்கும் பொருள் புளிக்கும்போது குறையும், அந்த அளவுக்குப் பலன் இருக்கலாம். அப்புறம், பழையது என்பதற்காக எப்படியும் வைத்துவிடக் கூடாது. சோறு வெறுமையாக மணிக்கணக்கில் வெளியே கிடந்து பிறகு தண்ணீர் ஊற்றியதைச் சாப்பிடாதீர்கள். ஆறியதும் ஊற்றுங்கள், சுத்தமான தண்ணீராக ஊற்றுங்கள். காலையில் கொழகொழப்போ கெட்ட வாடையோ இருந்தால் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடுங்கள். அப்பாவுக்கு இதுவும் சோறுதான், அளவு பார்த்துக் கொடுங்கள்.

மாடு ஒன்று வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் உம்பளச்சேரி உங்கள் மண்ணின் மாடு. சேற்றில் உழைக்கவே உருவான இனம், வெறும் வைக்கோலிலும் தரிசுப் புல்லிலும் பிழைக்கும். கன்று சிவப்பாகப் பிறந்து வளர வளரச் சாம்பல் நிறமாகும். பால் நாளைக்கு இரண்டு லிட்டர் கிடைத்தால் அதிகம். வீட்டு மோருக்கும் எருவுக்கும் போதும், விற்க முடியாது. கொருக்கையில் இந்த இனத்துக்கான அரசுப் பண்ணை உங்களுக்குப் பக்கம்தான், போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த 5 மா சாப்பாட்டைத் தரும். பள்ளிக் கட்டணம், மருந்து, கரண்ட் பில், கல்யாண மொய் எதையும் தராது. மிஞ்சிய சிவப்பு நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டால் அதன் தனித்தன்மைக்கு ஒரு காசும் கூடக் கிடைக்காது, அரிசியாக்கித் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தால்தான் உண்டு. உங்கள் இருவரில் ஒருவருக்காவது மாத வருமானம் முதல் மூன்று வருடம் இருக்கட்டும்.

இந்த வருடமே வேலையை விட வேண்டாம். யாரிடம் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்களோ அவரிடம் ஒரு மாவை மட்டும் வரும் சம்பாவுக்குக் கேட்டு வாங்குங்கள். அந்தக் குத்தகைக்காரரையே கூட வைத்துக்கொள்ளுங்கள். அவரை விலக்கிவிட்டு அந்த வாய்க்காலில் நீங்கள் ஒரு முறைத் தண்ணீர்கூட நிம்மதியாக வாங்க முடியாது. சென்னையில் இருந்துகொண்டே இரண்டு மாதம் வீட்டில் தீட்டாத புழுங்கல் அரிசி சமைத்துப் பாருங்கள், ஊறவைக்கும் நேரமும் வேகும் நேரமும் பழகட்டும். வரும் சித்திரையில் மொட்டை மாடியிலேயே வற்றல் போட்டுப் பார்க்கலாம். இடையில் ஊருக்குப் போகும்போது வயல் மண்ணில் அரைக் கிலோவும் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டிலும் எடுத்துப்போய் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள், செலவு அதிகம் ஆகாது. கார அமில நிலை, உப்பின் அளவு இரண்டும் சீட்டில் வரும். அந்த இரண்டு எண்ணையும், வயல் எந்த வாய்க்கால் பாசனம், பக்கத்தில் என்ன ரகம் வைக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளைச் சம்பாவா குடவாழையா என்று சொல்கிறேன்.